திருட்டுப் பிரிண்ட்டில் ஒரு சிரிப்பு

அந்தச் சிரிப்பைத் தேவயானி முதலில் கேட்டது தரணியின் செல்போனில்.

சித்தூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் ரிசப்ஷன் பார்த்தார்கள். மத்தியானம் டாக்டர் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார். தரணி டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, போனைத் தண்ணி பாட்டிலில் சாய்த்து ஏதாவது ஒரு படம் ஓட்டிக்கொண்டே சாப்பிடுவாள். எல்லாம் தியேட்டருக்குள் யாரோ திருட்டுத்தனமாக எடுத்த படங்கள். தேவயானிக்கு அது ஆகாது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பிடுவாள்.

அன்றைக்கு ஓடியது உப்பளப் படம். அதற்கு வேறு பெயர் உண்டு. ஆனால் தேவயானியின் சினிமாக் கூட்டாளிகள் எந்தப் படத்தையும் அதன் பெயரால் சொல்ல மாட்டார்கள். உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் கதை, அதனால் உப்பளப் படம். அதில் கதாநாயகியின் மாமனார் போலீஸ்காரரிடம் ஓர் ஆட்டை சாட்சிக்கு இழுத்து வருகிற இடம் வந்தது. தியேட்டரே சிரித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில், ரொம்பப் பக்கத்தில், ஓர் ஆள் சிரித்தான். மூச்சை உள்ளே இழுத்து, விக்கல் மாதிரி துண்டு துண்டாகச் சிரித்து, கடைசியில் "ஐயோ" என்று முடிகிற சிரிப்பு.

தேவயானி நாற்காலியைத் திருப்பினாள்.

"கொஞ்சம் பின்னால போ."

"இன்னாக்கா, திருட்டுப் படம் பாத்தா பாவம்னு சொல்லுவியே?"

"போ, சொல்றேன்."

மறுபடி கேட்டாள். சந்தேகமே இல்லை. அவள் புருஷன் ஹரிபிரசாத்தின் சிரிப்பு.

"இது எப்ப வந்துது தரணி?"

"ரிலீஸ் ஆன வெள்ளிக்கிழமையே. சாயந்தரம் நான் டவுன்லோட் பண்ணிட்டேன். ஏங்க்கா?"

"ஒண்ணும் இல்ல. எனக்கும் அனுப்பு."

உப்பளப் படத்தை ஹரிபிரசாத் அவளோடு பார்த்தது அந்த வெள்ளிக்கிழமை இல்லை. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சித்தூரில். அந்த ஆடு வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு இதே மாதிரி சிரித்தான். கண்ணில் தண்ணி வரச் சிரித்தான்.

*

அவர்களுக்குக் கல்யாணம் ஆனதே சினிமாவால்தான். நகரியிலிருந்து சித்தூருக்கு டிகிரி படிக்க வந்த தேவயானி, ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த தாட்சாயணியோடு வெள்ளிக்கிழமைகளில் காலைக் காட்சிக்கு ஓடிவிடுவாள். தமிழோ தெலுங்கோ, எது வந்தாலும் சரி. நாலு வரிசை முன்னால் ஒருத்தன் விக்கி விக்கிச் சிரிப்பான். அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழக்கம்.

பிறகு அந்தக் காலைக் காட்சிக்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து 'மார்னிங் ஷோ' என்று ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தார்கள். தேவயானி, தாட்சாயணி, ஹரிபிரசாத், பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிற சிட்டிபாபு, திருப்பதியில் கல்யாண வீடியோ எடுக்கிற ஜெபகுமார். வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிட்டிபாபுவின் மண்டியில் கூடுவார்கள். அந்த வருஷத்தில் பிடித்த படத்தை ஒவ்வொருத்தரும் சொல்ல வேண்டும். கதை சொல்லக் கூடாது, நடிப்பு சூப்பர், மியூசிக் சூப்பர் என்று பொதுவாகப் பேசக் கூடாது. ஒரே ஒரு காட்சியைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இது சிட்டிபாபு போட்ட சட்டம்.

புருஷன் பெண்டாட்டிக்குள் தனியாக ஒரு சட்டம் இருந்தது. எந்தப் படமானாலும் முதல் தடவை இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்ப்பது. ஹரிபிரசாத்துக்கு ரேணிகுண்டாவில் கம்பெனி வேலை கிடைத்து, திருப்பதியில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வர ஆரம்பித்த பிறகும் அந்தச் சட்டம் மாறவில்லை. வெள்ளிக்கிழமை என்பது ஞாயிற்றுக்கிழமை ஆனது, அவ்வளவுதான். அப்படித்தான் தேவயானி நினைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு முழுப் படத்தையும் கேட்டாள். படத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வசனத்துக்கும் பாட்டுக்கும் அடியில் வேறு என்ன ஓடுகிறது என்று மட்டும் கேட்டாள். ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் ஹரிபிரசாத் யாரிடமோ கிசுகிசுத்துக்கொண்டே இருந்தான். பெரும்பாலும் புரியவில்லை. அமைதியான இடங்களில் மட்டும் சில வார்த்தைகள் தெளிவாக விழுந்தன.

மழைக் காட்சியில், "செருப்பைக் கையில புடிச்சிகினு நிக்கறா."

அப்புறம் கொஞ்சம் பொறுத்து, ரொம்ப மெதுவாக, "அழுவாத."

இடைவேளையில், நாற்காலிகள் மடங்குகிற சத்தத்தோடு, "கைய குடு. மெதுவா. நான் இருக்கேன் இல்ல?"

பக்கத்தில் இருந்த ஆள் பேசவே இல்லை. ஒரே ஒரு தடவை "ம்" என்றது. ஆணா பெண்ணா என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் 'அழுவாத' என்று ஓர் ஆம்பளை அந்தக் குரலில் யாரிடம் சொல்லுவான்? தன்னிடம் அவன் அந்தக் குரலில் பேசியிருக்கிறான். அவள் நைனா செத்துப்போன அன்றைக்கு.

போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள்.

"துன்னியா?"

"இப்பதான். நீ?"

"ஆச்சு. வருஷ மீட்டிங்க்கு எந்தப் படம் சொல்றதுன்னு யோசிச்சிகினு இருந்தேன். உப்பளப் படம் ரிலீஸ் அன்னிக்கி நீ ஏன் லீவு போட்டு வரல? உனக்கு ஷிப்டா?"

அந்தப் பக்கம் ஒரு மூச்சு நேரம் சத்தம் இல்லை.

"அன்னிக்கி ஓவர்டைம் தேவி. ஞாயித்துக்கிழமைதான் பாத்தோமே. ஏன்?"

"சும்மா."

போனை வைத்தாள். அவன் பொய் சொன்னதைவிட, யோசித்துவிட்டுச் சொன்னான் என்பதுதான் அதிகம் உறுத்தியது.

*

சந்தேகத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. தேடவே வேண்டியிருக்கவில்லை. தாட்சாயணி திருப்பதியில் ஒரு தனியார் லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலையில் இருந்தாள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. படம் வந்த அன்றைக்கே பார்க்காவிட்டால் தூங்க மாட்டாள்.

தேவயானி குரூப்பில் பழைய மெசேஜ்களைத் தள்ளித் தள்ளி அந்த வெள்ளிக்கிழமைக்குப் போனாள். தாட்சாயணி ஒரு போட்டோ போட்டிருந்தாள். மடியில் பாப்கார்ன். ஒன்றில்லை, இரண்டு டப்பா. அதற்குக் கீழே ஹரிபிரசாத் ஒரு சிரிப்பு பொம்மை போட்டிருந்தான். அன்றைக்கு இதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. இப்போது அந்தப் போட்டோவை விரலால் இழுத்துப் பெரிதாக்கி, ஓரத்தில் தெரிந்த கைப்பிடியில் யார் முழங்கையாவது இருக்கிறதா என்று பார்த்தாள். நிழல் மாதிரி என்னவோ இருந்தது. முழங்கை என்று நினைத்தால் முழங்கை.

அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் அதற்கு ஓர் அர்த்தம் வந்தது. சனிக்கிழமை ஹரிபிரசாத் வந்தால் அவன் சட்டையை முகர்ந்தாள். அவன் போனைத் திருப்பி வைத்தால் ஏன் என்று பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் அவன் சிரிக்கும்போது, இது முதல் சிரிப்பா இரண்டாவது சிரிப்பா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதம் அவர்கள் சேர்ந்து பார்த்த படங்களில் ஒன்றுகூட அவள் மனதில் நிற்கவில்லை.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, தலைவலி என்று லீவு சொல்லிவிட்டுத் திருப்பதிக்கு பஸ் ஏறினாள். சந்திரகிரி தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு தடவை நினைத்தாள். இறங்கவில்லை. புதுப் படம் போட்டிருந்த தியேட்டருக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பைக் ஸ்டாண்டில் வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மூன்றாவது வரிசையில் ஹரிபிரசாத்தின் பைக் நின்றது. டேங்க் மேல் அவளே ஒட்டின ஸ்டிக்கர்.

எதிரில் ஒரு ஜூஸ் கடைக்குள் போய் உட்கார்ந்தாள். படம் விட்டுக் கூட்டம் வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் சுடிதாரில் தாட்சாயணி வந்தாள். தனியாக. வாசலில் நின்று போனைப் பார்த்தாள், திரும்பி உள்ளே பார்த்தாள், அப்புறம் ஆட்டோ பிடித்துப் போனாள்.

உள்ளே பார்த்தாளே, அது யாரை? தேவயானிக்கு அது போதும். சேர்ந்து வெளியே வரக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறார்கள். ஹரிபிரசாத் வெளியே வந்து தன்னைப் பார்த்துவிடுவானோ என்ற பயத்தில், பாதி குடித்த ஜூஸை வைத்துவிட்டு எழுந்து வேகமாக நடந்தாள். வழியெல்லாம் ஒரே யோசனை. வீட்டில் கேட்டால் மழுப்புவான். எல்லார் முன்னாலும் கேட்க வேண்டும். வருஷ மீட்டிங்கில் தன் முறை வரும்போது, பிடித்த காட்சி என்று சொல்லி அந்தத் திருட்டுப் பிரிண்ட்டைப் போட்டுக் காட்டுவாள். மழைக் காட்சி. 'அழுவாத.' அப்போது அவன் முகமும் தாட்சாயணியின் முகமும் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்.

*

டிசம்பரில் மாங்காய் மண்டியில் வேலை கிடையாது. காலி கிரேட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. நடுவில் ஐந்து கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் விறகடுப்பில் சிட்டிபாபு நாட்டுக்கோழிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். களி கிளறவும் அவர்தான். அந்த ஒரு நாள் யாரையும் அடுப்பண்டை விட மாட்டார்.

"ரா ரா, தாட்சாயணி! பஸ்ல உக்கார எடம் கிடைச்சுதா?" என்று கரண்டியோடு கத்தினார்.

தாட்சாயணி சிரித்துக்கொண்டே கைகழுவக் குழாயடிக்குப் போனாள். தேவயானி பின்னாலேயே போனாள். மீட்டிங் வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் முடியவில்லை.

"உப்பளப் படம் யார்கூட பாத்த?"

"தனியாதான். ஏண்டி?"

"ரெண்டு பாப்கார்ன் வாங்கியிருந்தே."

தாட்சாயணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கின பிறகும் அது கேலி என்று நினைத்து, "ரெண்டும் நாந்தான் துன்னேன். ஒண்ணு வாங்குனா ஒண்ணு ஃப்ரீ," என்றாள்.

"ஹரிகூட எத்தினி நாளா போய்க்கினு இருக்கே?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தாட்சாயணி அதை நிறுத்தவில்லை.

"இன்னா சொல்றே நீ?"

"நான் திருப்பதி வந்தேன். உன்னைப் பாத்தேன், அவன் பைக்கையும் பாத்தேன். தியேட்டர்ல உன் கைய புடிச்சிகினு பேசினதும் எங்கிட்ட இருக்குது. ரெக்கார்டு ஆயிருக்குது."

தாட்சாயணியின் முகம் வெளுத்துப்போனது. மாட்டிக்கொண்டதால் வெளுத்தது என்று தேவயானி நினைத்தாள். தாட்சாயணி குழாயை மூடிவிட்டு, துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பவே பஸ் ஏறி போயிடுவேன்," என்றாள். "ஆனா நான் போனா நீ சொன்னது நெஜம்னு ஆயிடும். அதனால இருக்கேன். உனக்காவ இல்ல."

அதற்குள் வாசலில் பைக் சத்தம். ஹரிபிரசாத் ஜெபகுமாரைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்திருந்தான். காலையிலேயே சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவரைக் கூட்டி வருகிறேன் என்று கிளம்பியிருந்தான். ஜெபகுமார் மெதுவாக இறங்கி, ஹரிபிரசாத்தின் தோளில் கை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். முதுகுவலி, கேமராவைக்கூட அசிஸ்டெண்டிடம் கொடுத்துவிட்டேன் என்று குரூப்பில் சொல்லியிருந்தார். தேவயானி அவருக்கு வணக்கம் சொன்னாள். அவர் ஒரு நொடி தாமதித்து, குரல் வந்த பக்கம் திரும்பி, "நல்லாக்கிறியாம்மா தேவயானி?" என்றார்.

*

முதலில் சிட்டிபாபு பேசினார். ஒரு லாரிப் படத்தில் டிரைவர் தன் பெண்ணுக்கு ஓடுகிற வண்டியிலேயே தலை பின்னி விடுகிற காட்சியைச் சொன்னார். சொல்லும்போது கையில் இருந்த துண்டை மூன்றாகப் பிரித்துப் பின்னியே காட்டினார். தாட்சாயணி ஒரு கோர்ட்டுப் படத்தைச் சொன்னாள். குரலில் உயிரே இல்லை. எப்போதும் அவள் பேசினால் முடிக்கவே விடாமல் நிறுத்த வேண்டியிருக்கும். இன்றைக்கு நாலு வரியில் முடித்துவிட்டாள்.

"இன்னாம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார் சிட்டிபாபு.

"பஸ்ல வந்தது, தலை சுத்துது அண்ணா."

தேவயானி அவளையும் ஹரிபிரசாத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் தாட்சாயணி பக்கம் திரும்பவே இல்லை. அவன் கண் முழுக்க ஜெபகுமார் மேல்தான் இருந்தது. மோர் டம்ளரை அவர் கைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தான். எவ்வளவு நல்லா நடிக்கிறான் என்று நினைத்தாள்.

"ஜெபா, இப்ப நீ. கேமராக்காரன் சொன்னாத்தான் காட்சி," என்றார் சிட்டிபாபு. அது உண்மை. எல்லாரும் ஹீரோவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஜெபகுமார் ஜன்னல் வழியாக எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தது என்று சொல்லுவார்.

ஜெபகுமார் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"உப்பளப் படம். ராத்திரியெல்லாம் மழை. விடியறப்ப அவ கதவைத் திறக்கறா. நேத்து வரைக்கும் வெள்ளையா குவிச்சு வச்சிருந்த உப்பு ஒண்ணுகூட இல்ல. தண்ணி மட்டும் நிக்குது. அந்தத் தண்ணில வானம் தெரியுது. அவ வரப்பு மேல, செருப்பைக் கையில புடிச்சிகினு நிக்கறா. வீட்டுக்குள்ள போறதா, தண்ணில எறங்கறதான்னு தெரியாம. அந்த செருப்புதான் எனக்கு. எங்கயும் போவ முடியாத ஒருத்தி செருப்பைக் கழட்டிக் கையில வச்சிகினு..."

சிட்டிபாபு சிரித்துவிட்டார்.

"யோவ், செருப்பா? அது தூக்குய்யா! சாப்பாட்டுத் தூக்கு. புருஷனுக்குக் கொண்டு போவ எடுத்தது. கேமராக்காரன் கண்ணுக்கே தெரியலையா? படத்தைப் பாத்தியா, இல்ல பாதில தூங்கிட்டியா?"

ஜெபகுமாரின் வாய் திறந்தபடியே நின்றது. அவர் சிரிக்கப் பார்த்தார். கை பக்கத்தில் துழாவி, ஹரிபிரசாத்தின் முழங்காலைத் தேடியது. ஹரிபிரசாத்தின் முகம் சாம்பல் மாதிரி ஆகிவிட்டது.

தேவயானிக்கு நன்றாக நினைவிருந்தது. அது தூக்குதான். அவளும் பார்த்தாள். அதைச் செருப்பு என்று சொன்ன ஆள் உலகத்திலேயே ஒருத்தன்தான். செருப்பைக் கையில புடிச்சிகினு நிக்கறா. தியேட்டர் இருட்டில் கிசுகிசுத்தபோது ஹரிபிரசாத் அவசரமாக, தப்பாகச் சொன்ன அதே வார்த்தை. ஜெபகுமார் அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை. கேட்டிருக்கிறார்.

கைய குடு. மெதுவா. நான் இருக்கேன் இல்ல.

அவள் ஜெபகுமாரின் கண்களைப் பார்த்தாள். அவை சிட்டிபாபு இருந்த பக்கம்தான் திரும்பியிருந்தன. ஆனால் அவர் முகத்தில் நிற்கவில்லை, தோளுக்கு மேல் எங்கேயோ போயிருந்தன. இத்தனை நேரமாக அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"செருப்புதான் சிட்டிபாபு அண்ணா," என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையது போல இருந்தது. "எனக்கும் செருப்பாத்தான் தெரிஞ்சுது."

"அட, தூக்கும்மா! நான் நாலு தடவை பாத்தேன்."

"உனக்கு இல்லாததெல்லாம் தெரியும் தேவயானி," என்றாள் தாட்சாயணி. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சிட்டிபாபு அதையும் கேலி என்று நினைத்துச் சிரித்தார். தேவயானிக்குக் காது சுட்டது.

"சரே, செருப்போ தூக்கோ, விடு. அடுத்தது நீதாம்மா," என்றார் சிட்டிபாபு.

போன் அவள் கையில் இருந்தது. மழைக் காட்சியில் நிறுத்தி, தயாராக வைத்திருந்தாள். தாட்சாயணி தலை நிமிர்ந்து அந்தப் போனைப் பார்த்தாள். போடு, என்ன இருக்கிறதென்று எல்லாரும் கேட்கட்டும் என்பது போலப் பார்த்தாள். போட்டால் தாட்சாயணியின் மேல் போட்ட பழி அந்த நிமிஷமே போய்விடும். கூடவே ஜெபகுமார் மறைத்து வைத்திருந்ததும் வெளியே விழுந்துவிடும்.

தேவயானி போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

"எனக்கு இந்த வருஷம் ஒரு படமும் மனசுல நிக்கல அண்ணா," என்றாள். அவள் அன்றைக்குப் பேசினதில் அது ஒன்றுதான் முழு உண்மை.

*

களி ஆறிக்கொண்டிருந்தது. சிட்டிபாபு இலை எடுக்கப் போன நேரத்தில் அவள் ஹரிபிரசாத்தை மண்டிக்குப் பின்னால் இருந்த மாந்தோப்புக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அங்கங்கே பூ விட ஆரம்பித்திருந்தது.

"ஜெபா அண்ணாவுக்கு கண்ணு தெரியலையா?"

அவன் மண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நடுவுல கொஞ்சம் தெரியுது. ஓரத்துல ஒண்ணும் தெரியல. இருட்டுல சுத்தமா இல்ல. அதுவும் போய்க்கினு இருக்குதாம், மருந்து இல்லையாம். தை மாசக் கல்யாணத்துக்கெல்லாம் ஆர்டர் வாங்கி வச்சிருக்காரு. தெரிஞ்சா ஒருத்தன் கூப்பிட மாட்டான். அசிஸ்டெண்ட் எடுக்கறான், இவரு கேட்டு கேட்டு எடிட் பண்றாரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு பைபிள் மேல என் கைய வச்சு சத்தியம் வாங்கிட்டாரு."

"உப்பளப் படத்துல அழுதது அவருதானா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் போனைக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். சிரிப்பு, இயர்போன், ஜூஸ் கடை, குழாயடி. சொல்லச் சொல்ல அவன் ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டான்.

"அன்னிக்கி இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா எங்களைப் பாத்திருப்ப," என்றான். "கூட்டம் பூரா போன அப்புறம்தான் நாங்க எழுந்துப்போம். தாட்சாவை நான் அந்த தியேட்டர்ல பாத்ததே இல்ல. அவகிட்ட போய்... என்னைக் கேட்டிருக்கலாம் இல்ல தேவி?"

"கேட்டேனே. ஓவர்டைம்னு சொன்ன."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சத்தியம் பண்ணது சரி," என்றாள். "ஆனா ஞாயித்துக்கிழமை எங்கூட உக்காந்து, முதல் தடவை பாக்கற மாதிரி சிரிச்ச பாரு. அதுக்கு உன்னை யாரும் சத்தியம் கேக்கல. எத்தினி படம் அப்படி சிரிச்ச?"

"நடிக்கல தேவி. மொதல் தடவை நான் படம் பாக்கறதே இல்ல. வாய் சொல்லிகினே இருக்கும், கண்ணு அடுத்தது இன்னான்னு தேடிகினு இருக்கும். உங்கூட பாக்கறப்பதான் நெஜமா பாக்கறேன்."

அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் திருட்டுப் பிரிண்ட்டிலும் அவன் ஆட்டுக்குச் சிரித்திருக்கிறான், மனசாரச் சிரித்திருக்கிறான். தேவயானி அதைச் சொல்லவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட முடியாது என்று தோன்றியது.

உள்ளே போனபோது தாட்சாயணி இல்லை. நாலு மணி பஸ் என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள், சாப்பிடக்கூட இல்லை என்று சிட்டிபாபு குறைப்பட்டார்.

*

பொங்கல் கழிந்து, தை மாசத்துப் பெரிய முகூர்த்தங்கள் முடிந்ததும், ஜெபகுமார் தானே குரூப்பில் பேசி அனுப்பினார். கண் போய்க்கொண்டிருக்கிறது, இனிமேல் கல்யாண வேலை எடுக்கப் போவதில்லை, ஹரி துணைக்கு இருந்தான் என்று சுருக்கமாகச் சொன்னார். சிட்டிபாபு அன்றைக்கே திருப்பதிக்குப் போய், அன்று கேலி செய்ததற்காக அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அதற்கப்புறம் ஹரிபிரசாத் வெள்ளிக்கிழமைகளில், "ஜெபாகூட போறேன்," என்று சொல்லிவிட்டே போனான். அவள் "சரி" என்றாள். அவன் சொல்லாமல் விட்டது வேறு ஏதாவது இருக்குமோ என்று சில சமயம் தோன்றும். தோன்றும்போது அவளுக்கு அவள் மேலேயே வெறுப்பு வரும். ஆனால் தோன்றாமல் இருக்கவில்லை.

தாட்சாயணி அவள் போனை எடுக்கவே இல்லை. கடைசியில் தேவயானி நேராக லேபுக்கே போனாள். தாட்சாயணி வெள்ளைக் கோட்டோடு ரத்தக் குழாய்களில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். தேவயானியைப் பார்த்துவிட்டும் கை நிற்கவில்லை.

"தப்பு பண்ணிட்டேன் தாட்சா. நான் அப்படி கேட்டிருக்கக் கூடாது."

"ம்."

"அன்னிக்கே உனக்கு எல்லாத்தையும் சொல்லியிருப்பேன். ஜெபா அண்ணா விஷயம் வெளிய வந்துடும்னுதான்..."

"அது எனக்குத் தெரியும். அவரு பேசினத கேட்டப்பவே புரிஞ்சிகினேன்." தாட்சாயணி ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஸ்டாண்டில் வைத்தாள். "ஒண்ணு கேக்கட்டா? நீ மன்னிப்பு கேக்க வந்தியா, இல்ல நான் யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனான்னு பாத்துட்டுப் போவ வந்தியா?"

"தாட்சா!"

"தப்பா நினைக்காத. முன்னால எல்லாம் எனக்கு இப்படித் தோணாது. இப்ப நீ எது சொன்னாலும், இதுக்குப் பின்னால இன்னா இருக்குதுன்னு யோசிக்கறேன். நீ சிரிச்சாக்கூட. நான் இன்னா பண்ணட்டும் சொல்லு."

வெளியே ரிசப்ஷனில் யாரோ ரிப்போர்ட் கேட்டுச் சத்தம் போட்டார்கள். தாட்சாயணி கையுறையைக் கழற்றிவிட்டு எழுந்தாள்.

"ஹாஸ்டல்ல ஒரே பாய்ல படுத்தோம் நம்ம," என்றாள். "அது தெரிஞ்சே கேட்ட இல்ல? அதான் எனக்கு மனசை விட்டுப் போவ மாட்டேங்குது. போனா நானே போன் பண்றேன். நீ பண்ணாத."

அவள் குரூப்பை விட்டு விலகவில்லை. புதுப் படம் வந்தால் முதல் ஆளாக எழுதுவாள், ஜெபகுமாருக்காகக் காட்சிகளைப் பேசி அனுப்புவாள், ஒவ்வொன்றும் அவ்வளவு நீளம். தேவயானி அவற்றை முழுசாகக் கேட்பாள். ஆனால் தேவயானி ஏதாவது எழுதினால் அதற்குக் கீழே தாட்சாயணியின் பதில் மட்டும் வராது. மாமரமெல்லாம் பிஞ்சு பிடித்து, சிட்டிபாபுவின் மண்டிக்கு முதல் லோடு வந்து இறங்கின போதும் வரவில்லை.